முடிந்த துணியும் முடியாத துணியும்



முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று பேசிய எனக்கு, இன்று வானொலி வாயிலாக உங்களோடு உரையாடும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. கணக்கும் இலக்கணமும் கற்பித்தவன் நான். ஆயினும் இன்று பேச எடுத்துக்கொண்டது பாடநூலில் உள்ள செய்தியன்று. என் வீட்டு முன்கட்டில் உள்ள கைத்தறியையும், என் மனைவியின் மடியில் உள்ள இரண்டு பின்னல் ஊசிகளையும் பற்றிச் சொல்லப்போகிறேன். அவற்றில் முடிந்த வேலை எது, முடியாமல் நிற்கும் வேலை எது என்று கணக்குப் பார்ப்பதே இன்றைய பேச்சின் பொருள். 'முதியவர் இருவர் பொழுதுபோக்காகச் செய்யும் கைவேலையில் எங்களுக்கு என்ன இருக்கிறது?' என்று நீங்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள். அந்தக் கணக்கில் தலைமையாசிரியனாக இருந்தபோது நான் செய்த பிழை ஒன்றும் எழுதப்பட்டிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்வேன்.

நான் வாழும் ஊர் சென்னிமலை. ஈரோடு மாவட்டத்தில் இருப்பது. 1979 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலைமேல் முருகன் கோயில், மலையடியில் தறிகள். 1,320 படிகள் ஏறிச் சென்று முருகனை வணங்கியவர்கள், கீழே இறங்கியதும் ஒரு போர்வையோ படுக்கை விரிப்போ வாங்காமல் ஊர் திரும்புவது அரிது. விடுதலைப் போரில் கொடி காத்த குமரன், 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இவ்வூரில் நெசவுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளரின் விற்பனைக்கென 1935-இல் தோன்றிய கூட்டுறவு நிறுவனத்தைக் கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரால் நீங்கள் அறிவீர்கள். எங்கள் ஊரிலும் சென்டெக்ஸ் என்னும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் வளர்ந்து பெயர் பெற்றது. அதனை வளர்த்தவர்களுள் தலையாயவர் எம். பி. நாச்சிமுத்து அவர்கள். தனியொரு நெசவாளன் வணிகரிடம் நூலுக்குக் கடன்பட்டு, நெய்த துணியையும் அவரிடமே கொடுக்க வேண்டியிருந்த நிலையை மாற்றியவை இத்தகைய சங்கங்களே.

இவ்வூரில் ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று தறிகளின் ஓசை அடங்கிவிடும். தறியைத் துடைத்து, நாடாவுக்கும் அச்சுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குவார்கள். எங்கள் வீட்டில் அன்று இன்னொரு வழக்கமும் உண்டு. பூசை முடிந்ததும் நானும் என் மனைவியும் கூடத்தில் ஒரு பாயை விரித்து, அந்த ஆண்டு செய்த கைவேலைகளை எல்லாம் அதன்மேல் எடுத்து வைப்போம். முடிந்தவை வலப்பக்கம், நடப்பவை இடப்பக்கம். தறியில் நிற்கும் துணியை எடுத்து வர இயலாது. ஆகவே அதன் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைப்போம். பிறகு குறிப்பேட்டில் பதிவு செய்வோம். தலைமையாசிரியனாக இருந்தவனுக்குப் பதிவேடு இல்லாமல் இருக்க முடியுமா?

என் மனைவி பள்ளியில் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கம்பளி நூலில் பின்னுவது அவருடைய கலை. நான் நெய்பவன்; அவர் பின்னுபவர். இரண்டுமே நூலைத் துணியாக்கும் தொழில்கள். எனினும் இரண்டுக்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. நெசவில் இரண்டு தொகுதி இழைகள் வேண்டும். நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் இறங்கியும் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பின்னலிலோ ஒரே இழை போதும். அந்த இழையைக் கண்ணியாக வளைத்து, அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்துச் செல்வதே பின்னல். உங்களிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால், திருப்பூர்ப் பனியனையும் சென்னிமலைப் போர்வையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பனியனில் கண்ணிகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஆகவே இழுத்தால் நீளும். போர்வையில் கட்டம் கட்டமாக இழைகள் தெரியும்; இழுத்தால் எளிதில் கொடுக்காது. பனியனைப் பின்னுவது இயந்திரம். அவ்வகை இயந்திரத்தின் முன்னோடியான காலுறைப் பின்னற்பொறியை இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ 1589-இல் அமைத்தார். ஆனால் என் மனைவியின் கையில் இருப்பவை அதற்கும் மிக முந்திய கருவிகள்: இரண்டு ஊசிகள், ஒரு நூலுருண்டை.

இவ்வாண்டு ஆயுத பூசையன்று பாயின் வலப்பக்கத்தில் இருந்தவற்றை முதலில் சொல்கிறேன். நான் நெய்த துண்டுகள் ஆறு. படுக்கை விரிப்பு ஒன்று. என் மனைவி பின்னிய குல்லாய் இரண்டு. உதகையில் உள்ள உறவினருக்காகப் பின்னிய கழுத்துத் துணி ஒன்று. இவ்வளவுதான். நெசவையே தொழிலாகக் கொண்ட அண்டை வீட்டுக்காரர் சில நாள்களில் செய்து முடிப்பதை நான் ஓராண்டில் செய்திருக்கிறேன்.

ஒரு துண்டு நெய்வது எளிய செயல் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். துண்டின் நீளம் 60 அங்குலம்; அங்குலத்துக்கு ஊடை இழை 40. அப்படியானால் அந்தத் துண்டு முடிய நாடா 2,400 முறை ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் காலால் ஒரு மிதி. கையால் ஓர் இழுப்பு. அச்சால் ஓர் அடி. அகலம் 30 அங்குலம்; அங்குலத்துக்குப் பாவு இழை 40 என்றால், தறியில் நிற்கும் பாவு இழைகள் 1,200. நூலின் மென்மைக்கும் கணக்கு உண்டு. 840 கெசம் நீளமுள்ளது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுவே நூலின் எண். 20-ஆம் எண் நூல் என்றால், ஒரு பவுண்டில் 16,800 கெச நீளம் இருக்கிறது என்று பொருள். அதாவது, அரைக்கிலோவுக்கும் சற்றுக் குறைவான நூல், நீட்டிப் பிடித்தால் 15 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். அத்தனை தூரத்தையும் ஒரு மனிதனின் கை, ஓர் இழையும் தவறாமல், அடுக்கி வைக்கிறது. ஆகவே அடுத்த முறை கைத்தறித் துணி ஒன்றை விலை கேட்கும்போது, இந்தப் பெருக்கல் கணக்கைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி இடப்பக்கம். முடியாமல் நிற்பவை. இவற்றைப் பார்க்கும்போதுதான் மனிதனுடைய இயல்பு நன்கு விளங்குகிறது. எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு முடியாத வேலைக்கும் எதிரே, அது ஏன் நின்றது என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். பல ஆண்டுப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். காரணங்கள் பலவாகத் தோன்றினாலும், அவை மூன்று வகையில் அடங்கிவிடுகின்றன.

முதலாவது, பிழையைக் கண்டும் திருத்த மனமின்மை. எங்கள் பேரனுக்கு ஆறு மாதம் ஆனபோது என் மனைவி ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினார். முதுகுப் பகுதியில் பத்து வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி தவறிவிட்டது. பிரித்துப் பின்ன வேண்டும். நாளை பிரிக்கலாம் என்று வைத்தார். அந்த நாளை வருவதற்குள் குழந்தைக்கு மூன்று வயதாகிவிட்டது! சென்ற ஆண்டுதான் துணிந்து முழுவதையும் பிரித்தார். பிரித்த கம்பளி நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கீழ்முனையில் சிறு எடை கட்டி நிழலில் உலர்த்தினால் மீண்டும் நேராகிவிடும். பின்னலின் பெருந்தன்மை அது. எவ்வளவு தவறினாலும் இழை வீணாவதில்லை. நெசவில் பிரிப்பது அத்தனை எளிதன்று. ஊடையை ஒவ்வோர் இழையாக வெட்டி நீக்க வேண்டும். ஆயினும் அதுவும் முடியாததன்று. பிழை எத்தனை வரிசைக்குக் கீழே இருக்கிறதோ அத்தனை வரிசைதான் திருத்தும் வேலையும். நாள் தள்ளத் தள்ள வரிசை கூடுகிறது, அவ்வளவே.

இரண்டாவது, முன்யோசனையின்மை. வேலை முக்கால் பங்கு நடந்தபின் நூல் தீர்ந்துபோகும். கடையில் அதே நிறம் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் ஒருமுறை காய்ச்சிய சாயமும் மறுமுறை காய்ச்சிய சாயமும் முற்றிலும் ஒன்றாக இரா. விளக்கொளியில் ஒன்றுபோல் தோன்றுவது, வெயிலில் விரித்தால் இரண்டாகத் தெரியும். கம்பளி நூலுருண்டையின் சீட்டில் சாயத்துக்கென ஓர் எண் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே. ஆகவே தொடங்கும்போதே முழு அளவையும் கணக்கிட்டு, ஒரே எண்ணுள்ள நூலை வாங்க வேண்டும். தேர்வுக்குப் படிப்பவர்க்கும் இது பொருந்தும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆர்வம் குன்றுதல். தொடக்கத்தில் உள்ள மகிழ்ச்சி நடுவில் இருப்பதில்லை. புது நிறம், புதுக் கோலம் கண்ணை இழுக்கிறது. பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குகிறோம். இதற்கு மருந்து ஒன்றே: நாள்தோறும் சிறிதளவாவது செய்வது. நான் என் தறியில் நாளொன்றுக்கு நான்கு அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். 160 இழைகள். ஆர்வம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 160 இழைகள். அந்தப் படுக்கை விரிப்பு அப்படித்தான் முடிந்தது.

இந்த மூன்று வகையிலும் சேராத ஒரு துணி எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. அதன் எதிரே, 'நானே அறுத்தது' என்று எழுதியிருக்கிறேன். அதன் வரலாற்றை இனிச் சொல்கிறேன்.

கைத்தொழிலைக் கல்வியோடு இணைக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் கொள்கை. 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் அது ஆதாரக் கல்வித் திட்டமாக உருப்பெற்றது. அதன் சாயல் நம் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்தது. நான் மாணவனாக இருந்தபோது தக்ளியில் நூல் நூற்றிருக்கிறேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் 'செய்து கற்றல்' என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் எழுதியது வேறு, நடந்தது வேறு.

2003-ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் நெசவுக்கென ஒரு சிறு கொட்டகையும், அதில் ஒரே ஒரு தறியும் இருந்தன. நெசவு ஆசிரியர் ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்தன. எட்டாம் வகுப்பில் 30 மாணவர்கள். அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். 60 அங்குலத் துண்டு ஒன்றை வகுப்பு முழுவதும் சேர்ந்து நெய்ய வேண்டும். ஒருவருக்கு இரண்டு அங்குலம். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை. அதாவது ஒருவர்க்கு 80 இழைகள்.

பதினொரு மாணவர்கள் தங்கள் பங்கை நெய்து முடித்திருந்தனர். அப்போது எனக்கு வகுப்பறை ஒன்று தேவைப்பட்டது. மாணவர் எண்ணிக்கை கூடியிருந்தது. மேலதிகாரியின் பார்வை நாளும் நெருங்கியது. தறியை அகற்றிவிட்டுக் கொட்டகையை வகுப்பறையாக்குமாறு உத்தரவிட்டேன். நெசவு ஆசிரியர் என் அறைக்கு வந்தார். "இரண்டு வாரம் பொறுத்தால் பிள்ளைகள் துண்டை முடித்துவிடுவாங்க ஐயா" என்றார். "பாடமே முடியவில்லை, துண்டு முடிந்து என்ன ஆகப்போகிறது?" என்று நான் சொன்னேன். அவர் மேலும் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் காலை தச்சர் வந்து தறியைப் பிரித்தார். அச்சுக்கு முன்னால் பாவை ஒரே வெட்டாக அறுத்தார்கள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ஒரு மாணவன் என் அறை வாசலில் வந்து நின்றான். பதிவேட்டில் பன்னிரண்டாம் எண். "ஐயா, இன்றைக்கு என் முறைங்க" என்றான். அவன் புகார் சொல்லவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. முறை தன்னுடையது என்பதை மட்டும் தெரிவித்தான். "போய்ப் பாடத்தைப் படி" என்று அனுப்பிவிட்டேன். அவனுக்குப் பின் இன்னும் பதினெட்டுப் பேர் இருந்தனர் என்பதை அப்போது நான் எண்ணவில்லை.

வகுப்பறை தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு வாரம் மரத்தடியில் வகுப்பு நடத்தியிருக்கலாம். எத்தனையோ முறை அப்படி நடத்தியவன்தான் நான். முடியாத வேலையை மதிக்க நான் அன்று கற்றிருக்கவில்லை என்பதே உண்மை.

ஓய்வு பெற்றபின், என் தந்தையார் விட்டுச்சென்ற தறியில் அமர விரும்பினேன். தறி இருந்தது, கை இல்லை. ஆகவே அந்த நெசவு ஆசிரியரைத் தேடிச் சென்றேன். எழுபது வயதைக் கடந்திருந்தார். "வாங்க ஐயா" என்று அன்போடு அழைத்து அமர்த்தினார். நான் வந்த காரணத்தைக் கேட்டதும், உள்ளே சென்று ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டு வந்து பிரித்தார். 22 அங்குலத் துணி. நீல நிறம், வெள்ளைக் கரை. பதினைந்து ஆண்டுகள் அதை மடித்து வைத்திருந்தார்.

அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பதினொரு கைகளும் அதில் தனித்தனியாகத் தெரிந்தன. ஓரிடத்தில் இழை நெருக்கம். அவன் அச்சை ஓங்கி அடித்தவன். ஓரிடத்தில் தளர்ச்சி, அவன் அஞ்சியவன். ஓரிடத்தில் கரை உள்ளே இழுத்திருந்தது, அவன் அவசரக்காரன். எந்தத் தேர்வுத்தாளிலும் நான் இத்தனை தெளிவாக மாணவர்களைப் படித்ததில்லை.

நான் தலைகுனிந்து இருந்தேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. தொழிலின் பாடம் ஒன்றை மட்டும் சொன்னார்: "அச்சுக்கு முன்னாலே அறுத்திருக்கக் கூடாதுங்க ஐயா. விழுதுக்குப் பின்னாலே ஒரு சாண் பாவு விட்டு அறுத்திருந்தால், எத்தனை வருடம் கழித்தும் பிணைத்துக்கொள்ளலாம்."

இதன் பொருளை உங்களுக்கு விளக்க வேண்டும். ஒரு பாவு முழுவதும் நெய்து முடிந்ததும் நெசவாளன் தறியை வெறுமையாக்கிவிடுவதில்லை. பழைய பாவின் கடைசி முனைகளை விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே விட்டுவைப்பான். புதிய பாவு வந்ததும், அதன் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடு சேர்த்து, சிறிது சாம்பல் தொட்டு, விரலால் முறுக்கிப் பிணைப்பான். 1,200 இழை என்றால் 1,200 பிணைப்பு. அதன்பின் பழையதை மெல்ல முன்னால் இழுத்தால், புதியது அதன் வழியே தானாக விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் புகுந்து வந்துவிடும். விட்டுவைத்த அந்த ஒரு சாண் இல்லையென்றால், 1,200 இழைகளையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஆகவே தறியில் ஒரு துணியின் முடிவே அடுத்த துணியின் தொடக்கம். பிணைப்பதற்கு இடம்விட்டு நிறுத்தியது முடியாத வேலை. இடம்விடாமல் அறுத்ததோ அழிந்த வேலை. இரண்டும் ஒன்றல்ல.

அவர் எனக்குப் பிணைக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் பாவைப் பிணைக்க எனக்கு மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. அவர் பொறுமையாக அருகில் அமர்ந்திருந்தார். நான் அவருக்குக் கொடுக்காத இரண்டு வாரத்தை அவர் எனக்குத் தாராளமாகக் கொடுத்தார்.

மாணவர்களே! உலகில் பெரிய செயல்கள் பல இவ்வாறு ஒரு சாண் விட்டு நிறுத்தப்பட்டவையே. எங்கள் ஊரில் பூவும் மயிலும் கொண்ட விரிப்புகளை நெய்யும் தறியின்மேல், துளையிட்ட அட்டைகள் கோத்த ஒரு பெட்டி இருக்கும். துளை உள்ள இடத்தில் ஒரு கம்பி புகும். இல்லாத இடத்தில் புகாது. அதற்கேற்பப் பாவு இழை எழும், எழாது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்துத் தந்த முறை இது. இந்த அட்டைகளைக் கண்டுதான், கணக்கிடும் பொறிக்கும் அட்டையால் கட்டளை இடலாம் என்று சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கில அறிஞர் கருதினார். அவர் திட்டமிட்ட பெரும்பொறிகளுள் ஒன்றும் அவர் காலத்தில் முடியவில்லை. 1871-இல் அவர் மறைந்தார். ஆனால் வரைபடங்களைத் தெளிவாக விட்டுச்சென்றார். அவற்றுள் ஒரு பொறியின் கணக்கிடும் பகுதியை, அவர் பிறந்த இருநூறாம் ஆண்டாகிய 1991-இல், இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் அந்த வரைபடங்களைக் கொண்டே கட்டி முடித்தார்கள். அது சரியாகக் கணக்கிட்டது. வரைபடங்களே அவர் விட்ட ஒரு சாண் பாவு.

நம் நாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றை 'என் சரித்திரம்' என்ற பெயரில் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்தார். அது முற்றுப்பெறுமுன்பே 1942-இல் அவர் மறைந்தார். அவருடைய மாணவர் கி. வா. ஜகந்நாதன், ஆசிரியர் நிறுத்திய இடத்துக்குப் பின்னுள்ள வாழ்க்கையை 'என் ஆசிரியப்பிரான்' என்னும் நூலில் எழுதினார். ஆசிரியர் விட்ட இழையை மாணவர் பிணைத்தார்.

கைத்தறியும் இன்று அப்படி ஒரு நிலையில் இருக்கிறது. படுக்கை விரிப்பு, போர்வை முதலிய சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றப்பட்டது. 2015 முதல் ஆகஸ்டு 7-ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. எனினும், விசைத்தறியோடு போட்டியிட இயலாமல் நின்றுபோன தறிகளை என் தெருவிலேயே காண்கிறேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்து வேறு பணிக்குச் செல்வது குற்றமன்று, அது நல்லதே. நான் வேண்டுவது ஒன்றுதான். செல்லுமுன் அந்தக் கையறிவைச் சிறிதேனும் கற்றுக்கொண்டு செல்லுங்கள். ஒரு சாண் பாவு தறியில் இருக்கட்டும்.

கடைசியாக, இப்போது என் தறியில் நிற்கும் துணியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அதே நீலம், அதே வெள்ளைக் கரை, 38 அங்குலம். பத்தொன்பது பேர்க்குத் தலைக்கு இரண்டு அங்குலம். சனிக்கிழமைதோறும் எங்கள் தெருப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒருவருக்கு 80 இழைகள். ஆயுத பூசைவரை பதின்மூன்று பிள்ளைகள் நெய்திருக்கிறார்கள். இன்னும் ஐவர் முறைக்குக் காத்திருக்கிறார்கள். இறுதி இரண்டு அங்குலத்தைப் பன்னிரண்டாம் எண்ணுக்காக ஒதுக்கியிருக்கிறேன். அவர் இன்று வெளியூரில் பணி செய்கிறார். தேடிப் பிடித்துத் தொலைபேசியில் பேசினேன். நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "பொங்கலுக்கு வருகிறேனுங்க ஐயா. எனக்கு நெய்யத் தெரியாதே" என்றார். "எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, கற்றுக்கொள்ளலாம்" என்றேன்.

அவர் வந்து நெய்து முடித்தபின், பழைய 22 அங்குலத்தையும் புதிய 38 அங்குலத்தையும் என் மனைவி சேர்த்துத் தைப்பார். நீலம் இரண்டும் ஒன்றாக இரா, சாயம் வேறு. தையலும் தெரியும். "தெரியாமல் தைக்கட்டுமா?" என்று கேட்டார். தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன். பிழை நடந்த இடம் அது, மறைக்க வேண்டியதில்லை.

நீங்களும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவை, நடப்பவை, விட்டவை என்று மூன்று பத்திகள் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் அமர்ந்து பாருங்கள். நடப்பவற்றுக்கு எதிரே, ஏன் நிற்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். விட்டேதான் ஆக வேண்டுமென்றால், பின்னால் நீங்களோ பிறரோ வந்து பிணைக்கும்படி ஒரு சாண் விட்டு நிறுத்துங்கள். பிறருடைய முடியாத வேலை உங்கள் கையில் சிக்கினால், அறுக்குமுன் ஒருமுறை கேளுங்கள்: இன்று யாருடைய முறை?